வத்தளை வளவில் மலைநாட்டுப் பூ

ஏப்ரல் சீசன் முடிந்து நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வான்களில் கோவாவும் லீக்ஸும் கரட்டும் மட்டும் வருவதில்லை. கறுப்புப் பொலித்தீன் பையில் ஒரு ஹைட்ரேஞ்சியாக் கன்றும் பெரும்பாலும் கூட வரும். தெருவோரத்தில் வாங்கியதாக இருக்கலாம், தோட்டத்தில் இருக்கும் உறவினர் வேலியோரத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்ததாக இருக்கலாம். வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளில் பாதிக்கு மலைநாட்டில் ஒரு சொந்தமோ நட்போ இருக்கும். அந்த வழியாகவே இந்தப் பூமரமும் கீழே வருகிறது. வந்த மாதம் வீட்டு வாசலே அதன் நீலத்தில் நிற்கும். ஜூன் பிறக்கும்போது பூக்கள் பச்சை பாய்ந்து, ஓரம் கருகி, பழுப்பாகிவிடும். பிறகு இலைதான். மரம் சாவதில்லை, செழித்து, கிளை விட்டு, உள்ளங்கை அகல இலையோடு நிற்கும். அடுத்த ஏப்ரலிலும் இலைதான், அதற்கடுத்த ஏப்ரலிலும் இலைதான். வீட்டுக்காரர் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிப் பார்ப்பார்: மண் சரியில்லை, உரம் காணாது, வெட்டிய நேரம் பிழை, கண்ணூறு பட்டுவிட்டது, எனக்குக் கைராசி இல்லை. இவற்றுள் எதுவும் உண்மையான காரணம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். வத்தளையில் ஹைட்ரேஞ்சியா பூக்கும் பூவை வத்தளை உண்டாக்குவதில்லை. அது மலையில் குளிர்ந்த இரவுகளில் கருக்கொண்டு, கீழே வந்து விரிகிறது. இதை ஏற்றுக்கொண்டால் அந்தச் செடியின் பராமரிப்பைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லும் அறிவுரைகளில் எவை நமக்கு ஆகும், எவை ஆகா என்பதும் பிரிந்து தெரியும்.

முதலில் செடியின் ஊரைப் பார்க்க வேண்டும். நம்மிடம் வரும் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா ஜப்பானின் கரையோரங்களைச் சேர்ந்தது. ஐரோப்பியத் தாவரவியலுக்கு அதை முதலில் விவரித்தவர் சுவீடன் நாட்டு கார்ல் பீட்டர் துன்பெர்க். ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777இல் ஒல்லாந்தர் கையிலிருந்த இலங்கைக்கு வந்து சில மாதங்கள் செடிகொடி சேகரித்துத் திரிந்தவர் அவர். 1784இல் வெளியான ஜப்பானியத் தாவரங்கள் பற்றிய நூலில் அவர் இதை வேறொரு இனத்தின் உறவாகத் தவறாக வகைப்படுத்தினார். அந்தப் பிழை 1830இல்தான் திருத்தப்பட்டது. 1789இல் சேர் ஜோசப் பேங்க்ஸ் சீனாவிலிருந்து ஒரு செடியை இலண்டன் கியூ தோட்டத்துக்கு வருவித்தார். பிரித்தானியக் குடியேற்றங்கள் எங்கெங்கு குளிர்ந்த மலையில் பங்களா கட்டினவோ அங்கெல்லாம் இது போய்ச் சேர்ந்தது. ஊட்டியும் கொடைக்கானலும் நுவரெலியாவும் அந்த வரிசையில் வருபவை. துரையின் பங்களாத் தோட்டத்தில் வைக்கப்பட்ட செடியின் ஒரு கிளை, சில காலத்தில் லயத்து வாசலிலும் வேர் விட்டது. ஒடித்து ஈரமண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும் செடிக்கு அதிகாரப் படிநிலை எல்லாம் தெரியாது.

ஜப்பானில் இருந்தே நமது கேள்விக்கு முதல் சான்று கிடைக்கிறது. தோக்கியோவின் ஓகஸ்ட் மாதச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். கொழும்பின் ஆண்டுச் சராசரியும் அதேயளவுதான். ஆகவே வெயில் கொடுமையால் ஹைட்ரேஞ்சியா நம்மூரில் பூப்பதில்லை என்று சொல்வது பொருந்தாது. கொழும்பின் வெக்கையை அது தன் சொந்த ஊரிலேயே ஒவ்வோர் ஆண்டும் தாங்குகிறது. வேறுபாடு ஓகஸ்டுக்குப் பிறகு வருகிறது. தோக்கியோவில் செப்ரெம்பர், ஒக்ரோபர் என்று இரவுகள் குளிர்ந்துகொண்டே போகும். அப்போதுதான் கிளை நுனிகளில் அடுத்த ஆண்டின் பூ உருவாகத் தொடங்குகிறது. கொழும்பில் ஓகஸ்டுக்குப் பிறகும் ஓகஸ்டுதான். வெப்பம் கூடிய மாதச் சராசரிக்கும் குறைந்த மாதச் சராசரிக்கும் இடையே இங்கே இரண்டு பாகை வரைதான் வித்தியாசம். செடி காத்திருக்கும் சைகை வருவதே இல்லை.

இந்தச் சைகையின் அளவைப் பூ வளர்த்து விற்பவர்கள் நன்கு அறிவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈஸ்டர், அன்னையர் தினம் ஆகிய நாட்களுக்குச் சாடியில் ஹைட்ரேஞ்சியாவைப் பூக்க வைப்பது பெரிய தொழில். அவர்களின் கணக்கு இதுதான்: நுனி மொட்டு பூமொட்டாக மாற வேண்டுமானால் ஆறு முதல் எட்டு வாரம் வரை வெப்பநிலை 18 பாகைக்குக் கீழே, முக்கியமாக இரவில், இருக்க வேண்டும். அதன் பிறகு இலையை உதிர்த்து, இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் இரண்டுக்கும் ஏழு பாகைக்கும் இடைப்பட்ட குளிரறையில் வைத்து உறக்கம் கலைப்பார்கள். பிறகு மெல்லச் சூடேற்றி, மூன்று மாதமளவில் பூவிரிப்பார்கள். இதில் இரண்டாவது படியை நுவரெலியா மழுப்பிவிடுகிறது. அங்கே செடி முழுதாக உறங்குவதில்லை, ஒரு கிளை பூக்கும்போது இன்னொன்று மொட்டுக் கட்டும், ஆண்டின் பெரும்பகுதியும் பூ இருக்கும். முதல் படிக்கு மட்டும் எங்கும் விலக்கு இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் இரவு வெப்பநிலை பொதுவாக 10க்கும் 14க்கும் இடையில் நிற்கிறது. தை, மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனியே விழும். கொழும்பின் இரவுச் சராசரியோ 24ஐ ஒட்டியது. மிகக் குளிர்ந்த மாதமாகிய ஜனவரியிலும் 22க்குக் கீழே இறங்குவது சில இரவுகளில்தான். ஆறு வாரம் தொடர்ச்சியாக 18க்குக் கீழே என்பது வத்தளை கண்டிராத ஒன்று.

உலகப் படத்தை விரித்து வைத்தாலும் இதே கதைதான். வெப்ப மண்டலத்தில் ஹைட்ரேஞ்சியாவுக்குப் பேர்போன இடங்கள் எல்லாம் மலைகள். மலேசியாவில் கெமரன் ஹைலண்ட்ஸ், வியட்நாமில் தலாத், தமிழ்நாட்டில் 2,240 மீற்றர் உயரத்து ஊட்டியும் அதற்குச் சற்றே தாழ்ந்த கொடைக்கானலும். மிகத் தெளிவான சான்று கொலம்பியா. நிலநடுக்கோட்டிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் அந்நாட்டின் அந்தியோக்கியா மாநிலமும் இருக்கிறது. பகலின் நீளமும் நம்முடையதை ஒத்தது. ஆனால் அங்கே 2,100 மீற்றர் உயரத்துக் கிராமங்களில் ஹைட்ரேஞ்சியாவை வயலாகப் பயிரிட்டு, கொய்த பூவை உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். அகலாங்கு, பகல் நீளம், மழை என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது உயரம், அதாவது இரவுக் குளிர்.

இலங்கைக்குள் இந்த எல்லைக்கோடு எங்கே விழும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரை பாகை குறையும் என்பது பொது விதி. கொழும்பின் 24 பாகை இரவு 18 ஆவதற்கு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற வேண்டும். உறுதியாக 18க்குக் கீழே இருக்க இன்னும் சற்று மேலே. தேயிலைத் தொழிலில் 600 மீற்றர் வரை தாழ்நிலத் தேயிலை, 1,200 வரை இடைநிலத் தேயிலை, அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை என்று பிரிப்பார்கள். ஹைட்ரேஞ்சியாவின் கோடு உயர்நிலத் தேயிலையின் கோட்டை ஒட்டியே ஓடுகிறது என்று கொள்வதில் பெரிய பிழை வராது. 1,200 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கும் ஹட்டனும் பண்டாரவளையும் அதன் உள்ளே. 500 மீற்றரில் இருக்கும் கண்டி வெளியே. பிரித்தானியரும் இதே படிக்கட்டைத்தான் பயன்படுத்தினார்கள். 1821இல் பேராதனையில் தொடங்கிய தாவரவியற் பூங்கா இருக்கும்போதே, குளிர் வேண்டிய சிங்கோனாவைப் பரீட்சித்துப் பார்க்க 1861இல் ஹக்கலைக்கு ஏறிப் போனார்கள். ஒரு தீவுக்கு இரண்டு பூங்கா தேவைப்பட்டதன் காரணம் செடிகளின் இரவுக் கணக்கு.

இதற்கு எதிராக முதலில் எழும் கேள்வி நியாயமானது. கொழும்பிலேயே, வாங்கி மூன்று நான்கு மாதம் கழித்துப் பூத்த செடியைப் பலர் கண்டிருக்கிறார்கள், அது எப்படி? மேலே சொன்ன தொழிற்கணக்கில் அதற்குப் பதில் இருக்கிறது. மொட்டு உருவாவதற்கும் பூ விரிவதற்கும் இடையே மூன்று மாதமளவு இடைவெளி உண்டு. ஒரு செடியின் எல்லாக் கிளைகளும் ஒரே நாளில் மொட்டுக் கட்டுவதில்லை. வாங்கும்போது பூத்திருந்த கிளையைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத பூக்கருவை நுனியில் வைத்துக்கொண்டு வேறு கிளைகளும் வந்திருக்கும். அவை ஜூலையிலோ ஓகஸ்டிலோ விரியும். பார்ப்பவர்களுக்கு அது வத்தளையில் பூத்ததாகவே தோன்றும். உண்மையில் அது மலையில் நிச்சயிக்கப்பட்டு இங்கே தாமதமாக அரங்கேறியது. சரியான சோதனை வேறு. அந்தச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து, வத்தளையிலேயே வேர்பிடிக்க வைத்து, வத்தளையிலேயே ஓராண்டு வளர்ந்த தண்டில் பூ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறுவது மிக மிக அரிது.

இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நுவரெலியாச் செடி ஒன்றின் நுனி மொட்டைச் சவர பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து, ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தால் செதில் இலைகளுக்கு நடுவே பச்சைக் கோலிபிளவரின் ஒரு சிறு துண்டு போல மணிமணியான திரட்சி தெரியும். அதுதான் வரப்போகும் பூங்கொத்து. வெளியே இருந்து பார்க்கும்போதும் அந்த மொட்டு தடித்து உருண்டிருக்கும். வத்தளையில் ஓராண்டு இருந்த செடியின் நுனி மொட்டு ஒல்லியாக, கூராக இருக்கும். பிளந்தால் உள்ளே இலைக்குள் இலையாக மடிந்து கிடக்கும், வேறொன்றும் இராது. கன்று வாங்கப் போகிறவர் கையில் பிளேட் எடுத்துப் போக வேண்டியதில்லை. விரிந்த பூவைப் பார்த்து மயங்காமல், பூக்காத கிளைகளின் நுனி தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது போதும். பத்தரமுல்லை தியத்த உயனவில் வாங்கினாலும் நுவரெலியா வீதியோரத்தில் வாங்கினாலும் இந்த ஒரு சோதனை காசுக்குப் பெறுமதி தரும்.

உரம் இரண்டாவது எதிர்வாதம். பொஸ்பரஸ் கூடிய உரம் பூவைத் தூண்டும் என்று கடைக்காரர் சொல்வார். நம்பி வாங்கி இடுவோர் பலர். குளிர் இல்லாத இடத்தில் உரம் இலையைத்தான் கூட்டும். நைதரசன் மிகுந்தால் இலை கறுத்துத் தழைத்து, செடி நன்றாக இருப்பதாக நம்மை ஏமாற்றும். கத்தரிப்பு பற்றிய அறிவுரையும் அப்படித்தான். பழைய தண்டின் நுனியில் பூ வரும் செடி என்பதால், கண்ட நேரத்தில் வெட்டினால் பூ போய்விடும் என்று எல்லாப் புத்தகங்களும் எச்சரிக்கின்றன. ஜப்பானுக்கும் இங்கிலாந்துக்கும் நுவரெலியாவுக்கும் அது சரி. நுனியில் பூவே கருக்கொள்ளாத ஊரில் எந்த மாதம் வெட்டினாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. வத்தளைக்காரர் தம் கத்தரிக்கோலின் மேல் பழி போட்டுக்கொண்டு மனம் நொந்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

சிலர் ஐஸ்கட்டியை வேரில் வைத்துப் பார்க்கிறார்கள். உணர வேண்டியது கிளை நுனி. வேரைக் குளிர்விப்பதால் வேர் அழுகுமே தவிர வேறு பயனில்லை. குளிரூட்டிய அறையில் இரவில் வைத்தால் என்ன என்று கேட்பவருக்கு, கோட்பாட்டளவில் வழி உண்டு என்றே சொல்ல வேண்டும். வீட்டு ஏசியை 16 பாகைக்கு இறக்கலாம். ஆனால் ஆறு முதல் எட்டு வாரம் ஓர் இரவும் விடாமல் ஓட வேண்டும், விடிந்ததும் ஒளிக்காகச் செடியை வெளியே தூக்கி வைக்க வேண்டும், அங்கே 31 பாகைப் பகல் இரவின் பலனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதற்கு வரும் மின் கட்டணத்தில் நுவரெலியா சென்று தங்கி, பூத்த செடியை வாங்கி வரலாம்.

மூன்றாவது எதிர்வாதம் சற்றுக் கனமானது. பழைய தண்டுக்குக் காத்திராமல் புதுத் தளிரிலும் பூக்கும் வகைகள் இப்போது இருக்கின்றனவே? அமெரிக்காவின் மினசோட்டாவில் பெய்லி நாற்றுப்பண்ணையில் 1998இல் தாவரவியலாளர் மைக்கேல் டர் கண்டெடுத்து, 2004இல் சந்தைக்கு வந்த ‘என்ட்லெஸ் சமர்’ வகை இதில் முன்னோடி. குளிர்காலத்தில் தண்டு செத்துப் போனாலும் கோடையில் பூக்கும் என்பது அதன் சிறப்பு. கவனிக்க வேண்டியது, அது தீர்த்து வைத்த சிக்கல் கடுங்குளிர்ச் சிக்கல். நம்முடையது அதற்கு நேர் எதிர். மினசோட்டாவில் கோடை இரவுகளே 18 பாகையை ஒட்டித்தான் இருக்கின்றன, பகலோ பதினைந்து மணித்தியாலம் நீள்கிறது. வத்தளையில் இரண்டும் இல்லை. கூம்புக் கொத்தாகப் பூக்கும் இன்னோர் இனமும் புதுத் தண்டில் பூக்கும். ஆனால் அதற்கு உறக்கம் கலைய ஒரு குளிர்காலம் வேண்டும். வருங்காலத்தில் யாராவது வெக்கைக்கென்றே ஒரு வகையை உருவாக்கக் கூடாது என்றில்லை. விற்பனை அட்டையில் ‘ஆண்டு முழுவதும் பூக்கும்’ என்று எழுதியிருந்தால் எந்த ஊரின் ஆண்டு என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

ஹைட்ரேஞ்சியா என்றாலே பேச்சு நிறத்துக்குப் போய்விடும். போகவும் வேண்டும், பூவுலகில் இவ்வளவு வெளிப்படையாக நடக்கும் வேதியியல் வேறெங்கும் இல்லை. நாம் இதழ் என்று பார்ப்பது இதழே இல்லை, அகன்று நிறம் பெற்ற புல்லிகள். உண்மையான பூ நடுவே குண்டூசித் தலையளவு இருக்கும். அந்தப் புல்லிகளில் இருக்கும் நிறமி நீலப் பூவிலும் இளஞ்சிவப்புப் பூவிலும் ஒன்றேதான். மண்ணிலிருந்து ஏறும் அலுமினியம் அந்த நிறமியோடும் துணைச் சேர்மங்களோடும் பிணைந்தால் நீலம். அலுமினியம் எட்டாவிட்டால் இளஞ்சிவப்பு. அரைகுறையாக எட்டினால் ஊதா. வெள்ளை வகைகளில் அந்த நிறமி இல்லை, எதைப் போட்டாலும் வெள்ளைதான். அலுமினியம் எல்லா மண்ணிலும் தாராளமாக உண்டு. ஆனால் மண் அமிலமாக, பீஎச் ஐந்து, ஐந்தரை அளவில் இருந்தால்தான் அது கரைந்து வேருக்கு வரும். ஆறரையைத் தாண்டினால் பூட்டிக்கொள்ளும். நுவரெலியாவின் ஹைட்ரேஞ்சியாக்கள் பெரும்பாலும் நீலமாக இருப்பதற்கும் அங்கே தேயிலை தழைப்பதற்கும் காரணம் ஒன்று. தேயிலை விரும்பும் பீஎச் நாலரை முதல் ஐந்தரை வரை. தேயிலையும் ஹைட்ரேஞ்சியாவைப் போலவே அலுமினியத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கும் செடி. மலைச்சரிவின் மண் ஒருபுறம் கோப்பையில் தேநீராகவும் மறுபுறம் வேலியில் நீலமாகவும் வெளிப்படுகிறது.

வத்தளையின் மண் இதைவிடச் சிக்கலானது. களனி கங்கையின் வடகரையில் தொடங்கி நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் முத்துராஜவெல சதுப்பின் ஓரத்தில் இருக்கும் ஊர் இது. சதுப்பு மண் இயல்பிலேயே அமிலம். நீரை வடித்துக் காற்றுப் பட்டால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலமாகி இன்னும் கடுமையாகும். ராகமை, கடவத்தைப் பக்கம் போனால் கபுக் கல் செம்மண், அதுவும் அமிலம்தான், அலுமினியமும் நிறைய. மேற்கே ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ கரையோரம் சிப்பித்தூள் கலந்த மணல். அதில் சுண்ணாம்பு உண்டு. கெரவலப்பிட்டியில் 1990களில் கடல் மணலைக் கொட்டி நிரப்பிய நிலம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்குள்ள பல வளவுகளில் முதல் இரண்டு அடி இயற்கை மண்ணே இல்லை: உடைத்த வீட்டின் செங்கல், சீமெந்துக் கட்டி, எங்கிருந்தோ வந்த லொறி மண். மதிலோரம் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். அடுத்தடுத்த இரண்டு வீட்டில் ஒரே தாய்ச்செடியின் கிளைகள் இரு நிறம் காட்டினால் அதில் மர்மம் ஏதுமில்லை. ஆகவேதான் வத்தளையில் இந்தச் செடியை நிலத்தில் நடாமல் சாடியில் வைப்பது மேல். சாடிக்குள் இருக்கும் மண்ணையாவது நாம் அறிவோம்.

நிறம் மாற்ற என்று சொல்லப்படும் கைவைத்தியங்களில் துருப்பிடித்த ஆணி மிகப் பிரபலம். வேலை செய்ய வேண்டியது அலுமினியம், இரும்பு அல்ல. ஆணியால் ஆணிதான் கரையும். தேயிலைச் சக்கை போடுவதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது, தேயிலையிலேயே அலுமினியம் இருப்பதால். ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இராது. உண்மையில் பலிப்பது சீனக்காரம். புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் இது அலுமினியம் சேர்ந்த உப்பு. பொடி செய்து நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேற்படாமல் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்ற வேண்டும். கூடினால் வேர் கருகும். பொஸ்பரஸ் உரம் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நீலம் வேண்டுபவர் அதைத் தவிர்க்க வேண்டும். ஆனால் இங்கேயும் அதே சுவரில்தான் முட்டுகிறோம். அலுமினியம் ஏற வேண்டியது மொட்டு வளரும் காலத்தில். விரிந்த பூவுக்கு எதை ஊற்றினாலும் அது தன் நிறத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை. மொட்டு வளர்ந்தது மலை மண்ணில். மூடிய மொட்டுகளோடு வந்த செடிக்கு வேண்டுமானால் சீனக்காரம் ஓரளவு உதவும். ஓராண்டு கழித்து இலை மட்டுமே நிற்கும் செடிக்கு ஊற்றுபவர், வராத பூவுக்குச் சாயம் போடுகிறார்.

அப்படியானால் வத்தளையில் பராமரிப்பு என்பது என்ன? வந்த பூவை நீட்டித்து வைப்பதும், செடியை நோயின்றி வைத்திருப்பதும்தான். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத் தாழ்வாரம் இதற்கு உகந்த இடம். கடற்பக்கத்துப் பிற்பகல் வெயில் புல்லிகளைக் கடதாசி போல வெளுக்க வைத்துவிடும். மே பிறந்ததும் தென்மேல் பருவமழை வரும். நேரடி மழை கொத்துக்குள் தங்கி, நரைத்த பூஞ்சணம் பிடித்து, பூ உள்ளிருந்து அழுகும். ஆகவே கூரையின் கீழ், காற்று ஓடும் இடத்தில் இருக்க வேண்டும். மண்ணுக்குக் கழுவிய தும்புச்சோறு, மக்கிய இலை, கொஞ்சம் செம்மண் போதும். தும்புச்சோற்றைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உவர்ப்பிருந்தாலும் அதே விளைவுதான்; குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது.

தண்ணீர்தான் அதிகம் பிழை விடும் இடம். அகன்ற இலைகளின் வழியே நீர் வேகமாக ஆவியாவதால் மதியம் பன்னிரண்டு மணிக்குச் செடி துவண்டு தொங்கும். பதறிப்போய் ஊற்றுவோம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கும்; வேர் கொடுப்பதைவிட இலை வேகமாக இழக்கிறது, அவ்வளவே. மாலையில் தானாக நிமிர்ந்தால் ஊற்றத் தேவையில்லை. காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம். இன்னொரு வழக்கமும் உண்டு, சாடியின் கீழ்த் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்க விடுவது. வேருக்கு அது கேடு என்பதைவிட வீட்டுக்கு அது கேடு. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. கொழும்பும் கம்பகாவும் அதன் நடுமையம். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேங்கிய தண்ணீரில் குடம்பியைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தொடுக்கலாம். தட்டை எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல்லின் மேல் உயர்த்தி வைப்பதே உத்தமம்.

நோயில் இங்கே முதலிடம் இலைப்புள்ளிக்கு. ஊதா விளிம்பும் நடுவில் வெளிறிய பழுப்புமாக வட்டப் புள்ளிகள் அடியிலையில் தொடங்கி மேலேறும். இலையை நனைக்காமல் மண்ணுக்கு ஊற்றுவதும், விழுந்த இலையைப் பொறுக்கி அகற்றுவதும் மருந்தைவிடப் பயன் தரும். செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் ஜப்பானிலேயே உணவகங்களில் தட்டை அலங்கரிக்க வைத்த ஹைட்ரேஞ்சியா இலையைத் தின்றவர்கள் வாந்தியோடு அவதிப்பட்டார்கள். நாய்க்குட்டியோ தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டில் சாடி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஓர் எதிர்வாதம் மிஞ்சுகிறது, அது தாவரவியலைச் சேர்ந்ததல்ல. ஒரு பருவம்தான் பூக்கும் என்றால் இதை வாங்குவது வீண் செலவு, ஓர் உயிரைப் பாவித்து எறிவது போன்றது என்று சிலர் சொல்வார்கள். செலவைப் பொறுத்தவரை, கொய்த பூங்கொத்து ஒரு வாரம் இருப்பதற்கும் நாம் காசு கொடுக்கத்தான் செய்கிறோம். தடித்த நுனிகளோடு தேர்ந்து வாங்கிய சாடி இரண்டு மூன்று மாதம் பூ தரும். உயிரைப் பொறுத்தவரை, எறிய வேண்டிய தேவையே இல்லை. பூ முடிந்த செடியின் இலைத் தழைப்பே நிழல் மூலைக்கு அழகுதான். பூக்கவில்லை என்று நொந்துகொள்ளாதவருக்குக் குரோட்டனுக்குப் பக்கத்தில் அது பல ஆண்டு நிற்கும். அல்லது வந்த வழியே அனுப்பலாம். பூக்காத தண்டில் இரண்டு கணுவோடு நாலைந்து அங்குலத் துண்டுகள் நறுக்கி, அகன்ற இலைகளைப் பாதியாக வெட்டி, ஈரமணலும் தும்புச்சோறும் கலந்த கலவையில் குத்தினால் மூன்று நாலு வாரத்தில் வேர் விடும். வெக்கை பூவைத்தான் தடுக்கிறது, வேரைத் தடுப்பதில்லை. அடுத்த முறை ஹட்டனுக்கோ நானுஓயாவுக்கோ போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் அங்கே அது தன் நுனிகளைத் திரட்டிக்கொள்ளும். பதிலுக்கு மொட்டோடு ஒரு சாடி கீழே இறங்கலாம்.

ஆண்டு முழுவதும் வாசலில் கொத்துக் கொத்தாக நிறம் வேண்டும் என்பவருக்கு முசாண்டா இருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவின் அதே உத்தியைக் கையாளும் செடி அது. அங்கும் நாம் பூ என்று பார்ப்பது அகன்று நிறம் பெற்ற புல்லிதான். அதன் ஓர் இனம் நம் தாழ்நிலக் காட்டுக்கே சொந்தம். எல்லாப் புல்லியும் விரிந்து வெள்ளையாகத் தொங்கும் வகை 1915இல் பிலிப்பைன்ஸின் மக்கிலிங் மலையில் கிடைத்தது; இளஞ்சிவப்பு வகைகள் அதன் வழிவந்தவை. அதற்கு வேண்டியது முழு வெயிலும் வெப்பமான இரவும், இரண்டும் வத்தளையில் இலவசம். அது பூப்பது புதுத் தளிரில் என்பதால் துணிந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். வெட்ட வெட்டக் கொத்துக் கூடும். நீலம் மட்டும் அதில் கிடையாது. அதற்கு இன்னமும் ஹட்டன் வண்டியைத்தான் பார்த்திருக்க வேண்டும்.